இடிந்த நகரும் எழுந்த ஆலயமும்

(பங்கின் நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழா என்றால் கொடியேற்றம் உண்டு, தேர் உண்டு, கூட்டுத் திருப்பலி உண்டு, அன்பின் விருந்தும் உண்டு. இவற்றோடு ஒரு கேள்வியும் இந்த ஆண்டு நம் முன் வந்து நிற்கிறது. நூறு ஆண்டுக்கு முன் நம் பாட்டன்மார் கருங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய இக்கோவிலை என்ன செய்வது? இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்கிறார்கள் சிலர். சுவரை அப்படியே வைத்து, ஓட்டை இறக்கிவிட்டுக் கான்கிரீட் தளம் போடலாம் என்கிறார்கள் வேறு சிலர். ஓர் ஓடுகூட அசையக் கூடாது என்கிறார்கள் பெரியவர்கள். மூன்று தரப்பாரும் கோவிலை நேசிப்பவர்களே. நேசம் இருப்பதால்தான் குரலும் சற்று உயர்ந்துவிடுகிறது!

இந்நிலையில், இதே கேள்வியை நம்மைவிடப் பல மடங்கு கடுமையாகச் சந்தித்த ஒரு கத்தோலிக்க நாட்டின் வரலாற்றைச் சொல்வது பயன்படும் என்று எண்ணினோம். அது இத்தாலியின் தென்கோடியில் உள்ள சிசிலித் தீவின் வரலாறு.

1693: இரண்டு நிலங்கள், ஒரே தவக்காலம்

1693-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள் வெள்ளிக்கிழமை, சிசிலியின் தென்கிழக்குப் பகுதி குலுங்கியது. சுவர்கள் வெடித்தன, சில வீடுகள் விழுந்தன. அது முன்னறிவிப்புத்தான். 11-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை பெரும் நடுக்கம் வந்தது. கடலும் பொங்கிக் கரையேறியது. ஏறத்தாழ 60,000 பேர் மாண்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். கத்தானியா நகரில் மட்டும் மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் போய்விட்டார்கள். அதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்புதான், 1669-இல், எட்னா எரிமலையின் நெருப்புக் குழம்பு அதே நகரின் மதிலை எட்டியிருந்தது. பட்ட காலிலே படும் என்பார்களே, அதுதான் கத்தானியாவின் கதை. நோத்தோ, ரகூசா, மோதிக்கா, அவோலா என்று பல ஊர்கள் கல்மேல் கல்லில்லாமல் சரிந்தன.

தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்களாகிய நமக்கு 1693 என்றதும் வேறொன்று நினைவுக்கு வரவேண்டும். அந்த ஞாயிறுக்குப் பின் 24-ஆம் நாள், பிப்ரவரி 4, விபூதிப் புதனன்று, ஓரியூர் மணல்மேட்டில் புனித அருளானந்தர் தலை கொடுத்தார். அங்கே சிசிலி மக்கள் இடிபாட்டின் நடுவே தவக்காலத்தைத் தொடங்கியபோது, இங்கே மறவநாட்டு மண் மறைசாட்சியின் இரத்தத்தால் சிவந்தது. இரண்டு இடங்களிலும் எல்லாம் முடிந்துவிட்டது போலவே அன்று தோன்றியிருக்கும். ஆனால் முடியவில்லை. ஓரியூருக்கு இன்றும் மக்கள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். சிசிலியின் ஊர்கள் என்னவாயின என்பதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

இது தண்டனையா?

அக்கால மக்கள் முதலில் கேட்ட கேள்வி, 'நாம் செய்த பாவம் என்ன?' என்பதே. சாம்பல் பூசிக்கொண்டு பவனி போனார்கள். 1755-ஆம் ஆண்டு சகல புனிதர் திருநாளன்று போர்ச்சுக்கல் நாட்டு லிஸ்பன் நகரம் நடுக்கத்தில் வீழ்ந்தபோதும் இதே கேள்வி எழுந்தது. அன்று காலை பலர் பூசையில் இருந்தபோதே கோவில்கள் அவர்கள்மேல் விழுந்தன. 2004-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள் வேளாங்கண்ணிக் கரையில் ஆழிப்பேரலை திருப்பயணிகளை அள்ளிச் சென்றபோது நம் வீடுகளிலும் இக்கேள்வி கேட்டது.

சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்த செய்தியைச் சுட்டிக்காட்டி, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரும் பாவிகளா என்று நம் ஆண்டவரே கேட்டார். இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். ஆகவே செத்தவர்மேல் பழி சுமத்துவது கிறிஸ்தவனுக்கு ஆகாது. இருப்பவர்கள் மனந்திரும்ப வேண்டும் என்பதே அங்கே பாடம். மனந்திரும்புதல் என்றால் செபம் மட்டுமா? அடுத்த கோபுரத்தையாவது விழாதபடி கட்டுவதும் அதில் அடங்கும் என்றே நாம் கருதுகிறோம்.

அழுத கண்ணோடு அளந்த தெருக்கள்

அந்நாளில் சிசிலி ஸ்பெயின் மன்னரின் ஆட்சியில் இருந்தது. அரசப் பிரதிநிதி உசேதா கோமகன், காமஸ்திராவின் கோமகனாகிய யோசேப்பு லான்சா என்பவரைச் சீரமைப்புப் பணிக்கு முழு அதிகாரத்தோடு அனுப்பினார். அவருக்குத் துணையாகக் கோட்டை கட்டும் பொறியாளர்களும் சென்றார்கள்.

அவர்கள் செய்த முதல் முடிவு கவனிக்கத்தக்கது. கத்தானியாவில் பழைய குறுகலான சந்துகளை அப்படியே மீண்டும் கட்டவில்லை. அகன்ற நேர்த்தெருக்களை வகுத்தார்கள். இடையிடையே பெரிய சதுக்கங்களை விட்டார்கள். ஏன்? நடுக்கம் வந்தால் ஓடி நிற்க வெட்டவெளி வேண்டும். எதிரெதிர் வீடுகள் தெருவில் சரிந்தாலும் நடுவே மனிதன் தப்ப இடம் வேண்டும். இன்று அச்சதுக்கங்களைப் பார்த்து அழகு என்கிறோம். அந்த அழகுக்குள் உயிர்ப்பயமும் உயிர்மேல் இரக்கமும் கலந்திருக்கின்றன.

அவோலா ஊரை மலையிலிருந்து இறக்கிக் கடலோரச் சமவெளியில் அறுகோண வடிவில் வரைந்து கொடுத்தவர் ஒரு சேசு சபைச் சகோதரர். ஆஞ்செலோ இத்தாலியா என்பது அவர் பெயர். குருப்பட்டம் பெறாத துறவி. கையில் அளவுகோல் பிடித்த துறவி. ஓக்கியோலா என்ற சிற்றூர் அழிந்தபின், அதன் பிரபுவாகிய கார்லோ கராஃபா தம் குடிகளுக்காகக் கிராமிக்கேலே என்ற புதிய ஊரை, நடுவே அறுகோணச் சதுக்கம் வைத்து அமைத்தார். நம் ஊரில் தேர்முட்டியைச் சுற்றி நான்கு வீதி அமைவதுபோல, அங்கே கோவில் முற்றத்தைச் சுற்றி ஊர் அமைந்தது.

இடம் மாறுவதா, இருந்த இடத்திலேயே இருப்பதா?

இனி வருவது சண்டைக் கதை. பங்குப் பேரவையினர் சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டும்.

பழைய நோத்தோ, அல்வேரியா என்ற மலைமுகட்டில் இருந்தது. அதிகாரிகளும் சில பிரபுக்களும், சில கிலோமீட்டர் தள்ளி, கடலுக்குச் சற்று அருகில் உள்ள சரிவுக்கு ஊரை மாற்ற முடிவு செய்தார்கள். மக்களில் மிகப் பலர் இதை ஏற்கவில்லை. முன்னோரின் கல்லறையை விட்டுப் போவதா? ஞானஸ்நானம் பெற்ற இடத்தை விட்டுப் போவதா? ஒரு பக்கம் புதிய இடத்தில் மரக்கொட்டகைகள் எழுந்தன. மறுபக்கம் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும் என்ற மனுக்கள் எழுந்தன. இந்த வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. கடைசியில் புதிய இடமே நிலைத்தது. பழைய நோத்தோவின் இடிபாடுகள் புல் முளைத்து இன்றும் அம்மலைமேல் கிடக்கின்றன.

ரகூசாவின் கதை இன்னும் வேடிக்கையானது, வேதனையானதுங்கூட. அங்கே பங்குகள் இரண்டு: ஒன்று புனித ஜார்ஜியார் பங்கு, மற்றது புனித அருளப்பர் பங்கு. நடுக்கத்துக்கு முன்பே இரண்டுக்கும் ஆகாது. நடுக்கத்துக்குப் பின், அருளப்பர் பங்கினர் மேலேயுள்ள மேட்டுநிலத்துக்குப் போய்ப் புதிய ஊர் கட்டிக்கொண்டார்கள். ஜார்ஜியார் பங்கினர் கீழே பழைய இடத்திலேயே கட்டினார்கள். ஒரே ஊர் இரண்டாகிவிட்டது! இரண்டும் மீண்டும் ஒரே நகராட்சியாகச் சேர்ந்தது 1920-களில்தான். நிலம் பிளந்ததைவிட மனம் பிளந்தது ஆழம்.

யார் சொன்னது சரி என்று இன்று நாம் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. மேலே கட்டிய ஊரும் அழகானது. கீழே கட்டிய ஊரும் அழகானது. ஆனால் ஒரே மேசையில் அமர்ந்து பேசியிருந்தால் எத்தனை தலைமுறைப் பகை மிஞ்சியிருக்காது!

எண்பத்து மூன்று ஆண்டுப் பொறுமை

அவ்வூர்களைக் கட்டிய பாணிக்குப் 'பரோக்' என்று பெயர். நம்மில் கோவாவுக்குப் போய்ப் புனித சவேரியாரின் திருவுடல் வைத்துள்ள போம் ஜேசு பேராலயத்தைக் கண்டவர்களுக்கு இப்பாணியின் சாயல் தெரியும். அது 1605-இல் அருச்சிக்கப்பட்டது. திரிதெந்து சங்கத்துக்குப் பின் கத்தோலிக்கத் திருச்சபை, விசுவாசத்தைக் கண்ணுக்கும் விருந்தாக வைக்க விரும்பிய காலத்தில் வளர்ந்த கலை அது. வளைந்தோடும் முகப்பு, திரண்ட தூண்கள், பறக்கும் சம்மனசுகள், ஒளியும் நிழலும் விளையாடும் மாடங்கள். நம் வீரமாமுனிவர் இத்தாலியில் பிறந்து வளர்ந்ததும் இக்கலை ஓங்கியிருந்த காலத்தில்தான்.

சிசிலிக்காரர்கள் இதற்குத் தேவையான கல்லை வெளிநாட்டில் தேடவில்லை. அவர்கள் மண்ணிலேயே தேன்நிறச் சுண்ணக்கல் கிடைத்தது. வெட்டும்போது மென்மை, மாலை வெயில் பட்டால் பொன்னாக மின்னும். ரொசாரியோ காலியார்தி என்ற சிற்பி நோத்தோவிலும் ரகூசாவிலும் பெரும் கோவில்களை வரைந்தார். ரகூசாவின் ஜார்ஜியார் கோவில் அவர் கைவண்ணமே. கத்தானியாவுக்கு வாக்கரினி என்பவர் மறைமாவட்டக் கோவிலின் முகப்பை அமைத்தார். இவர்கள் பெயர் ஏட்டில் நின்றது; பெயர் நில்லாத ஆயிரமாயிரம் கல்தச்சரும் கொத்தனாரும் சித்தாள்களும் அவர்களுக்குப் பின்னே நிற்கிறார்கள்.

நோத்தோவின் புனித நிக்கோலாஸ் ஆலயம் நிறைவு பெற்றது 1776-இல். நடுக்கத்திலிருந்து 83 ஆண்டுகள்! இடிபாட்டிலிருந்து தூக்கி எடுக்கப்பட்ட கைக்குழந்தைகூட, நிறைவு விழாவைக் காண எண்பது வயது தாண்டி வாழ்ந்திருக்க வேண்டும். தான் பார்க்கப் போகாத கோவிலுக்காகக் காசு கொடுத்தவர்கள் அவர்கள். நம் பங்கிலும் அப்படித்தானே! பஞ்சாலையில் சம்பளம் வாங்கிய கையோடு காணிக்கை வைத்தவர்கள், காட்டில் விளைந்த சோளத்தையும் பருத்தியையும் கோவில் கணக்கில் கொடுத்தவர்கள், ஞாயிறு பூசை முடிந்ததும் வரிசையில் நின்று கல் கைமாற்றியவர்கள்: இவர்களின் பெயர்ப்பட்டியல் எந்தக் கல்வெட்டிலும் முழுமையாக இல்லை.

இரண்டாம் முறை விழுந்த கோவில்

ஆனால் கதை 1776-இல் முடியவில்லை. நமக்கு மிக வேண்டிய பாடம் இனிமேல்தான் வருகிறது.

1990-ஆம் ஆண்டு டிசம்பர் 13, புனித லூசியாள் திருநாளன்று, அப்பகுதியில் மீண்டும் ஒரு நடுக்கம் வந்தது. நோத்தோ ஆலயத்தில் விரிசல்கள் கண்டன. ஆனால் கோவில் விழவில்லை. ஐந்து ஆண்டுகள் கடந்தன. 1996-ஆம் ஆண்டு மார்ச் 13-ஆம் நாள், தவக்காலத்து இரவொன்றில், நடுக்கம் எதுவும் இல்லாமலே, கோபுரக் கவிகையும் நடுக்கூடத்துக் கூரையும் பேரொலியோடு விழுந்தன. உள்ளே ஒருவரும் இல்லை. ஓர் உயிரும் போகவில்லை. ஆண்டவரின் இரக்கம் என்று சொல்வதைத் தவிர வேறென்ன சொல்ல!

ஏன் விழுந்தது? வல்லுநர்கள் இடிபாட்டைப் பிரித்துப் பார்த்தார்கள். தூண்களின் வெளிப்புறம் நன்றாக வெட்டிய கல். உள்ளேயோ, ஆற்றுக் கூழாங்கல்லும் வலுவற்ற சாந்தும். வெளியே பட்டு, உள்ளே கந்தல்! அதோடு, 1950-களில் பழைய கூரையின் இடத்தில் கனத்த கான்கிரீட் தளம் ஒன்றை ஏற்றியிருந்தார்கள். கூடிய பாரமும், உள்ளே நொறுங்கிய தூணும், 1990-இன் விரிசலும் சேர்ந்து வேலையை முடித்துவிட்டன.

பிறகு அவர்கள் செய்தது போற்றத்தக்கது. விழுந்ததை மட்டும் கட்டி நிறுத்தவில்லை. விழாமல் நின்ற பக்கத்துத் தூண்களையும் சோதித்தார்கள். அவற்றின் வயிறும் வலுவற்றது என்று கண்டதும், அவற்றையும் பிரித்து, முழுக்க வெட்டுக்கல்லால் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டினார்கள். பழைய வடிவம் மாறவில்லை. பழைய குறை நீங்கியது. 2007-ஆம் ஆண்டு ஜூன் 18-இல் ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது. இதற்கிடையே 2002-இல், நோத்தோ உள்ளிட்ட எட்டு ஊர்களை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ ஏற்றது.

அசிசி நகரிலும் இதை ஒத்த அனுபவம் உண்டு. 1997 செப்டம்பர் 26 அன்று புனித பிரான்சிஸ்குவின் பேராலயத்தில் கவிகை இடிந்து நால்வர் மாண்டனர். முதல் நடுக்கத்தின் சேதத்தைப் பார்க்க உள்ளே போனவர்கள் அவர்கள். கவிகையின் மேல் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து கிடந்த இடிகுப்பையின் பாரமும் அங்கே ஒரு காரணம். நொறுங்கி விழுந்த ஓவியங்களைத் துண்டு துண்டாகப் பொறுக்கி ஒட்டினார்கள். 1999-இல் கோவில் திறந்தது.

நம் மண்ணும் அசையும்

'இதெல்லாம் இத்தாலிக் கதை. நம் கொங்குச் சீமை கெட்டிப் பாறை' என்று சிலர் சொல்லக்கூடும். 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 8 அன்று அதிகாலை, நம் கோயமுத்தூர்ப் பகுதியையே மையமாகக் கொண்டு ஒரு நடுக்கம் வந்தது. அதன் அளவு ஏறத்தாழ 6 என்று கணிக்கிறார்கள். தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் அது உணரப்பட்டது. நம் கோவிலைக் கட்டிய தலைமுறையில் அந்த அதிகாலையில் பாயை விட்டு எழுந்து ஓடியவர்களும் இருந்திருப்பார்கள். 2002-இல் வெளியான இந்தியத் தர நிறுவனத்தின் நிலநடுக்க வரைபடம் கோவையை மூன்றாம் மண்டலத்தில் வைத்தது. அதாவது, மிதமான ஆபத்து உள்ள இடம்.

1993 செப்டம்பர் 30 அன்று மராட்டிய மாநிலத்தின் லாத்தூர் பகுதியும் அப்படித்தான்; பெரும் நடுக்கம் வராது என்று நம்பப்பட்ட தக்காணப் பாறைநாடு. மண்சாந்து வைத்த கல்சுவரும், அதன்மேல் கனத்த மண்கூரையும், தூங்கிக்கொண்டிருந்தவர்களின் மேல் விழுந்தன. ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2001 ஜனவரி 26 அன்று கச்சு நாட்டின் பூஜ் நகரம் வீழ்ந்தது. அதை மீண்டும் அமைத்தபோது, தெருக்களை அகலமாக்க ஒவ்வொருவரும் தம் மனையில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தார்கள். கத்தானியாவில் 1693-க்குப் பின் செய்ததை, 300 ஆண்டுகள் கழித்துப் பூஜ் மக்களும் செய்தார்கள்.

இதிலுள்ள பொறியியல் எளியதுதான். நிலம் அசையும்போது கட்டிடத்தைத் தள்ளும் விசை, அதன் பாரத்தைப் பொறுத்தது. தலை கனத்தால் தள்ளாட்டம் அதிகம். சுவர்கள் மூலையில் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளாவிட்டால் தனித்தனியாக விழும். மூங்கில் கூடைக்கு வாய்க்கட்டு எப்படியோ, அப்படிச் சுவர்களுக்கும் சுற்றி ஒரு கட்டு வேண்டும். வாய்க்கட்டு இல்லாத கூடை நாலு நாளில் பிரிந்துவிடும் என்பதை நம் தாய்மார்கள் அறிவார்கள்.

இனி நாம் செய்ய வேண்டுவது

இடிப்பதா, வைப்பதா என்று இந்த மேடையில் தீர்ப்புக் கூறுவது நமது நோக்கம் அன்று. அதைச் சொல்ல வேண்டியவர் முதலில் சுவரைத் திறந்து பார்த்தவராக இருக்க வேண்டும். எனவே பங்கு மக்கள் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, நன்கொடைச் சீட்டு அச்சடிக்கும் முன்பே, பழைய சுண்ணாம்புக் கட்டிடங்களை அறிந்த ஒரு பொறியாளரைக் கொண்டு சுவரையும் அடித்தளத்தையும் சோதிக்க வேண்டும். விரிசல்களின் குறுக்கே கண்ணாடிச் சில்லை ஒட்டி வைத்து, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கவனிக்கலாம். சில்லு உடைந்தால் விரிசல் வளர்கிறது என்று பொருள். வெள்ளை அடித்து மறைத்தால் விரிசல் போய்விடாது.

இரண்டாவது, சோதனை முடியும்வரை சுவர்மேல் கான்கிரீட் தளம் ஏற்றும் பேச்சை நிறுத்தி வைக்க வேண்டும். ஒழுகுகிறது என்பது உண்மை. ஓடு மாற்றலாம், கைமரம் மாற்றலாம், மழைத்தண்ணீர் அடித்தளத்தில் தேங்காமல் வாய்க்கால் வெட்டலாம். நோத்தோவின் கூரை நமக்குச் சொல்லும் எச்சரிக்கை இது.

மூன்றாவது, இடித்தே ஆகவேண்டும் என்று வல்லுநர் சொன்னால், வைக்க விரும்பும் நம் பெரியவர்கள் கண்ணீரோடாவது அதை ஏற்க வேண்டும். பிள்ளைகளின் தலைக்குமேல் ஆபத்தை வைத்துக்கொண்டு பழமையைப் போற்றுவது பக்தி ஆகாது. பழுது பார்த்தால் போதும் என்று அவர் சொன்னால், புதுக்கோவில் கனவு காணும் நம் இளைஞர்களும் அதே மனத்தோடு ஏற்க வேண்டும். பக்கத்துப் பங்கின் கோபுரம் உயரம் என்பது, நம் கோவிலை இடிப்பதற்குக் காரணம் ஆகாது.

நான்காவது, எந்த முடிவானாலும் ஒரே பங்காக நிற்க வேண்டும். மேலூர்க் கோவில், கீழூர்க் கோவில் என்று ரகூசாவைப் போல நாம் பிரிந்துவிடக் கூடாது. அன்பியக் கூட்டங்களில் எல்லா வீட்டாரும், கூலி வேலைக்குப் போகிறவர்களும் வயதான தாய்மார்களும் உட்பட, தம் கருத்தைச் சொல்லட்டும். கணக்கும் அறிக்கையும் கோவில் பலகையில் எல்லாரும் படிக்கும்படி ஒட்டப்படட்டும்.

அன்பர்களே! பாறைமேல் கட்டிய வீட்டைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை நாம் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். தூணின் வெளிப்புறம் மட்டும் கல்லாக இருந்தால் போதாது, உள்ளேயும் கல்லாக இருக்க வேண்டும் என்பதை நோத்தோ அதனோடு சேர்த்துக் காட்டுகிறது. கோவிலுக்கும் அது பொருந்தும்; பங்குக்கும் பொருந்தும். நம் பாட்டன்மார் நமக்குக் கொடுத்துப்போன இந்தச் சுவரை நேர்மையாகத் தட்டிப் பார்ப்போம். அது சொல்லும் பதிலை ஒன்றாகக் கேட்போம். அடுத்த நூறு ஆண்டு இங்கே முழந்தாளிடப் போகிறவர்கள் அச்சமின்றி முழந்தாளிடட்டும்.

நம் பங்கின் பாதுகாவலியாகிய அன்னை மரியாள் நமக்காக வேண்டிக்கொள்வாளாக.